மூன்று தண்ணீர்ப் பைகள்

அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான். யாராவது விரல் நீட்டிக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். "மேய்ச்சல் உள்ள பகுதியில் வேர்ப்பூஞ்சை நூற்றுக்கு முப்பத்தொன்று. மேய்ச்சல் இல்லாத பகுதியில் அறுபத்துநான்கு." இந்த இரண்டு வரிகளையும் நாலு பிரதி எடுத்து, ஓரம் சமமாகத் தட்டி, பின் குத்தி மேலிடத்துக்கு அனுப்பினேன். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு கவலை எதுவும் இல்லை. அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பதினோரு மாடுகள் நிற்கின்றன என்பதோ, அந்த எண்களை எண்ணிக் கொடுத்தவளின் சொந்த அண்ணனுடைய மாடுகள் அவை என்பதோ எனக்கு உறைக்கவே இல்லை. முப்பது வருஷம் தட்டச்சு செய்தால் எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். அர்த்தம் படாது.

எண்ணிக் கொடுத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் புல்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேர்க்காரி என்று பெயர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்க வந்தவள். ஆய்வுக்கூடத்தைப் பெருக்கும்போது மற்றவர்கள் வேர் கழுவுவதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் கழுவுகிற ஆள் லீவு போட்டுவிட்டான். அன்றைக்குச் சல்லடையைக் கையில் எடுத்தவள்தான், இன்றுவரை கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் வேருக்கு எப்படிச் சாயம் ஏற்றுவது என்று காட்டிக்கொடுத்தது அவள். ஏழு பேரும் அதைத் தங்கள் கைத்திறமை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

வேலை இதுதான். புல்வெளியில் இரும்புக் குழாயை இறக்கி எடுத்த மண் பை பையாக வரும். அதைச் சல்லடையில் கொட்டி மண் போகக் கழுவ வேண்டும். மிஞ்சுகிற மெல்லிய வேரை நகக்கண் அளவுக்கு வெட்டிப் பொட்டாஷ் காரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதன் நிறம் போய் வெளிறிவிடும். பிறகு வினிகரில் அலசிப் பேனா மையில் ஊறவைப்பாள். கடையில் விற்கும் சாதாரணப் பேனா மைதான். வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை மட்டும் அந்த மையைக் குடித்து நீலமாக நிற்கும். நுண்ணோக்கிக் கண்ணாடியில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு வேரைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நீலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு இடம் பார்த்தால் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு வந்துவிடும். அவள் வாய்விட்டே எண்ணுவாள். "இருக்கு. இருக்கு. இல்ல. இருக்கு. இல்ல." பக்கத்து அறையில் எனக்குத் தட்டச்சு சத்தத்தைவிட இந்தச் சத்தம்தான் பழக்கம். டீ குடிக்கலாமா என்று கேட்டால்கூட அதே குரலில் "இருக்கு" என்றோ "இல்ல" என்றோதான் பதில் வரும்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் விரல் நுனி நீலமாகவே இருக்கும். "எத்தன ஓட்டும்மா போட்ட?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். "எத்தன போட்டாலும் உங்க ஆளுக்கு ஒண்ணுகூட இல்ல" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு இலை போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தாள். அப்படிப்பட்ட வாய். மூக்குக்கு மேல் கோபம். ஆனால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் அவளைவிடப் பொறுமைசாலி கிடையாது.

அவளுக்கு எந்தப் பை எந்த நிலத்திலிருந்து வந்தது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், கண்ணும் கூடவே சாயும் என்பதால் அப்படி ஒரு விதி. பையின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்த நிலம் என்ற பட்டியல் ஒட்டிய உறையில் என் பீரோவுக்குள் இருக்கும். சாவி என் கைப்பையில். எண்ணி முடிந்தபின் அதிகாரி மட்டும் அதைப் பிரித்துப் பார்ப்பார். அவள் ஒரு நாளும் அந்தப் பட்டியலைக் கேட்டதில்லை. கேட்காததில் அவளுக்குப் பெருமை.

அவள் வீடும் அண்ணன் வீடும் ஒரே முற்றத்தில். முன்பக்கம் அண்ணன் குடும்பம், பின்பக்கம் அவளும் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற அவள் புருஷனும். நடுவில் பதினோரு மாடுகள் கட்டிய கொட்டகை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குழாய். தினமும் காலையில் அவள் ஜன்னல் விளிம்பில் ஒரு சொம்புப் பால் வந்து உட்காரும். வைத்தேன் என்று அண்ணன் சொன்னதில்லை, எடுத்தேன் என்று இவளும் சொன்னதில்லை.

ஒருமுறை அண்ணி கேட்டாளாம். "பூஞ்ச பூஞ்சங்கறியே, ரொட்டி மேல பூக்குமே, அதுவா?"

"அது உக்காந்து திங்கிற பூஞ்ச அண்ணி. இது உழைக்கிற பூஞ்ச" என்றிருக்கிறாள். "புல்லோட வேருக்குள்ள பாதி, வெளிய மண்ணுக்குள்ள பாதின்னு நூலு மாதிரி ஓடும். வேரு போக முடியாத தூரத்துக்கெல்லாம் இது போயி தண்ணியும் சத்தும் இழுத்துட்டு வந்து குடுக்கும். புல்லு அதுக்குக் கூலியா சர்க்கரை குடுக்கும். மாடு ஒட்ட ஒட்ட மேஞ்சா புல்லுக்கே ஒண்ணுமில்ல, அது எங்க கூலி குடுக்கறது? நின்ன எடத்துலயே நின்னு மிதிச்சா நூலும் அறுந்துடும்."

அண்ணன் கொட்டகையிலிருந்தே குரல் கொடுத்தாராம். "அதனாலதான் நான் ஒரே எடத்துல மேய விடறதில்ல!" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

அறிக்கை போன இரண்டாம் மாதம் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். மேய்ச்சல் வேர்ப்பூஞ்சையை அழிப்பது ஆய்வில் உறுதியானதால் மேல்புல்வெளி முழுவதும் மாடுகளுக்கு மூடப்படும், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் நடக்கும் கூட்டத்தில் சொல்லலாம் என்று இருந்தது. மேல்புல்வெளியை விட்டால் அண்ணனுக்கு வேறு மேய்ச்சல் நிலம் கிடையாது. அது மூடினால் மாடுகள் போக வேண்டியதுதான்.

அவர் நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். செருப்பில் சேறு. அதற்கு முன் ஒரு நாளும் அந்த வாசலை மிதிக்காதவர்.

"நூத்துக்கு முப்பத்தொண்ணுன்னு எண்ணினது யாரு?"

"நான்தாண்ணே."

"என் மாடு மேஞ்சு பூமி செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தது நீயா?"

"எழுதினது அவங்க. எண்ணினது நான். எண்ணினதுல தப்பு இல்ல. ஒரு புள்ளி தப்பு இருக்காது."

"நேத்து அந்தப் புல்லு மேல உக்காந்துதான் நான் சாப்பிட்டேன். முழங்கால் உயரம் நிக்குது. இன்னைக்கு ஒரு எடத்துல கடிச்சா, மறுபடி அங்க வர இருவது நாள் ஆகும். அதுக்குள்ள தளதளன்னு வந்துடுது. செத்த பூமியில எப்படிம்மா வரும்? நீ எந்த எடத்த எண்ணின?"

"எந்த எடம்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"இருவத்திரண்டு வருஷமா எண்ணற. எந்த எடம்னு தெரியாது." அவர் சிரித்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் என் இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன்.

மறுநாள் காலை ஜன்னல் விளிம்பில் பால் இல்லை. குழாயடியில் எதிரெதிரே நின்றால் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாராம். மூன்றாம் நாள் அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த உறையத் திற."

"விதி இருக்கு. என் வேலைக்கு ஒல வைக்கறியா?"

"விதிய மடிச்சு உன் கைப்பைல வச்சுக்கோ. அறிக்கைதான் ஊரெல்லாம் போயாச்சே, இனிமே யாருக்கு ஒளிக்கற? அவரு எந்த எடம்னு கேக்கறாரு. எனக்கே அது தெரியணும்."

திறந்தேன். நல்லவள் என்பதால் இல்லை, அவள் முகத்தைப் பார்க்க முடியாததால்.

அவள் கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். அந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும், நாளைக்கு ஒரு டிரம். எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி, "இந்தம்மா தண்ணிய வீணாக்குது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஏறிய கோபத்தில், எந்தப் பைக்கு எத்தனை தண்ணீர் மாற்றினேன் என்று பதினாறு வருஷமாக வீம்புக்கு எழுதி வருகிறாள். யாரும் அதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போயே வருஷக்கணக்காகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆய்வு ஆரம்பித்துப் பதினாலு வருஷம். முதல் அஞ்சு வருஷம் எல்லாப் பைகளும் ஒரே தண்ணீரில் சுத்தமாகியிருக்கின்றன. அதற்கப்புறம் ஒன்பது வருஷமாகப் பாதிப் பைகளுக்கு மூன்று தண்ணீர். என் பட்டியலில் பார்த்தால், மூன்று தண்ணீர்ப் பை ஒவ்வொன்றும் மேய்ச்சல் பகுதிப் பை. ஒன்றுகூடத் தவறவில்லை.

"மாடு மிதிச்ச மண்ணு. இறுகித்தானே இருக்கும்" என்றேன்.

"அப்ப முதல் அஞ்சு வருஷம் மாடெல்லாம் பறந்துக்கிட்டா மேஞ்சுது?"

அந்த அஞ்சு வருஷத்தின் எண்ணிக்கையையும் பார்த்தோம். மேய்ச்சல் பகுதி அறுபத்தேழு. மேய்ச்சல் இல்லாத பகுதி அறுபத்திரண்டு. மாடு மேய்ந்த இடத்தில்தான் நூல் கூடுதலாக இருந்திருக்கிறது. அளவாகக் கடித்தால் புல் புது வேர் விட்டுப் பூஞ்சைக்கு இன்னும் தீனி போடும், யாரும் கடிக்காமல் விட்டால் காய்ந்த புல்லே மேலே மூடி மக்கும் என்று அவள் சொன்னாள். இந்த அஞ்சு வருஷம் அறிக்கையில் இல்லை. இப்போதைய அதிகாரி வருவதற்கு முந்தைய காலம் என்று விட்டுவிட்டார்.

அவள் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். "களிமண்ணு, சாணி நாத்தம். ஒம்போது வருஷமா இந்தப் பைங்களக் கழுவும்போதெல்லாம் திட்டினேன் அக்கா. வாய் வலிக்கத் திட்டினேனே ஒழிய, ஏன் இப்படின்னு ஒரு நாளு கேக்கல. என்னச் செருப்பால அடிக்கணும்."

மண் எடுத்து வருகிற ஆளிடம் போனோம். அவருக்குக் கயிறு என்று பெயர். சரியாக இருபது அடியில் வெட்டிய ஒரு கயிற்றை எப்போதும் தோளில் மாட்டியிருப்பார். முதல் அதிகாரி எழுதி வைத்த விதி அது. மேல்புல்வெளியில் ஆய்வுக்கு இரண்டு பகுதிகள், இரண்டுக்கும் வேலி, இரண்டுக்கும் கேட். ஒரு கேட் மாடுகளுக்குத் திறந்திருக்கும், மற்றது பூட்டியிருக்கும். இரண்டிலும் கேட்டிலிருந்து இருபது அடியில் குழாயை இறக்க வேண்டும்.

"ஒரு விரக்கட கூட இல்ல, கொறைய இல்ல" என்றார் கயிறு. "பதினாலு வருஷம். யார வேணா அளக்கச் சொல்லுங்க."

"அளக்க வேணாம். வந்து காட்டுங்க" என்றாள்.

ஜீப்பில் போனோம். மேய்ச்சல் பகுதியின் கேட்டைத் தாண்டி உள்ளே போனதும் சிமென்ட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மாட்டுக்காரர்களுக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று நிலையமே ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொடுத்தது. தண்ணீர் லாரி கேட்டைத் தாண்டி உள்ளே போக முடியாது என்பதால் கேட்டை ஒட்டியே கட்டிவிட்டார்கள். கயிறு கேட்டில் ஒரு முனையைக் கட்டி இழுத்துக் காட்டினார். மறுமுனை தொட்டியின் விளிம்பைத் தாண்டி அஞ்சடியில் போய் நின்றது. மேய வந்த மாடெல்லாம் தண்ணீருக்கு முட்டி மோதிக்கொண்டு நிற்கும் இடம் அது. சாணியும் மூத்திரமும் சேர்ந்து இறுகி, தார் ரோடு தோற்றுப்போகும். ஒரு பொட்டுப் புல் இல்லை. அங்கிருந்து நாற்பது அடி தள்ளிப் பார்த்தால் அண்ணன் சொன்ன அதே முழங்கால் உயரப் புல்.

"இங்க கொழாய் எறங்குதா உங்களுக்கு?"

"எறங்காது. சுத்தியால அடிச்சுத்தான் எறக்குவேன். ரெண்டு சுத்திப் பிடி ஒடஞ்சிருக்கு."

"ஒடையும்போதுகூட ஏன்னு தோணலியா?"

"எடம் மாத்தினா விதி மீறினதா ஆகும். யாரும் எங்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு அந்த மனுஷனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. அறைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அவர் ஒழுங்காகத் தோண்டினார், இவள் ஒழுங்காக எண்ணினாள், நான் ஒழுங்காகத் தட்டச்சு செய்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒழுங்காகச் சேர்ந்து ஒரு குடும்பத்தின் கழுத்தை அறுத்திருக்கிறோம்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனோம். மேசை மேல் எங்கள் அறிக்கைக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதம் கண்ணாடிக்குள் இருந்தது. அவள் நோட்டைப் பிரித்து வைத்துச் சொன்னாள். அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். புரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பேன்.

"இத இப்ப வெளிய சொன்னா ஒம்போது வருஷ வேல குப்பைக்குப் போகும்" என்றார் மெதுவாக. "தண்ணி எத்தன தடவ மாத்தினீங்கங்கறதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா."

"அப்ப புதுசா மண்ணெடுத்துப் பாக்கலாம் சார்."

"இங்க பாருங்க. உங்க அண்ணன் மாடு அங்க மேயுதுன்னு எனக்குத் தெரியும். உங்க கஷ்டம் புரியுது. அவருக்காகப் பேசறீங்க."

அவள் நோட்டை மூடினாள்.

"அண்ணனுக்காகவா? சார், அண்ணனுக்காக எண்ணறவளா இருந்தா ஒம்போது வருஷத்துக்கு முன்னாடியே பட்டியலக் கேட்டு வாங்கிக் கூட்டி எண்ணியிருக்க மாட்டேனா? முப்பத்தொண்ணுன்னு எண்ணிக் குடுத்தது நானு. என் அண்ணன் வாயில மண்ணப் போட்டது நானு. அப்ப நான் நேர்மையானவ, உங்களுக்கு இந்தப் பாராட்ட வாங்கிக் குடுத்தவ. இப்ப நான் அண்ணனோட தங்கச்சியா?"

"கொரல ஒசத்தாதீங்க."

"இன்னும் ஒசத்தல சார். ஒசத்தினா இந்தக் கண்ணாடி தாங்காது."

அவர் கதவைக் காட்டினார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கூட்டத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கயிற்றை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லி மண் எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போனாள். தோளில் கயிறு இல்லாமல் அவர் சட்டை போடாதவர் மாதிரி நெளிந்தார். "கண்ண மூடிக்கிட்டு கல்ல எறிங்க. விழுந்த எடத்துல தோண்டுங்க." இரண்டு பகுதிகளிலும் அப்படியே எடுத்தார்கள். தொட்டியடியிலும் எடுத்தார்கள். பைகளுக்கு எண் போட்டது நான். பட்டியலை உறையில் ஒட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னது அவள்.

"உன் அண்ணன் மாட்டுக்காகப் பாக்கறது. இதுக்கும் உறையா?" என்றேன்.

"இதுக்குத்தான் அக்கா உறையே வேணும்."

பன்னிரண்டு நாள். நிலைய வேலை முடிந்தபின் உட்கார்ந்து எண்ணினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "இருக்கு, இருக்கு, இல்ல" கேட்டுக்கொண்டே இருக்கும். அதிகம் "இருக்கு" வந்த பைகள் எந்த நிலத்துடையவை என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போலக் கால் பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உறையைப் பிரித்தோம். தொட்டியடி இருபத்தொன்பது. மாடு மேயும் திறந்த புல்வெளி அறுபத்தெட்டு. பூட்டிய பகுதி அறுபத்தொன்று. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் மேய்ச்சல் பகுதியின் ஒரு பை மட்டும் முப்பத்தைந்தில் நின்றது. மண் எடுத்தவரைக் கேட்டோம். அந்தக் கல் ஒரு மரத்தடியில் விழுந்ததாம். உச்சிவெயிலில் மாடுகள் படுத்துக்கிடக்கும் இடம்.

"அந்தப் பைய விட்டுடுடி. நிழல் விழற எடம்தானே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாலு அங்குலம் குறைந்தேன். "அத விட்டா எனக்கும் சாருக்கும் என்னக்கா வித்தியாசம்? மாடு கூடி நிக்கற எடத்துல நூலு அறுந்துதான் போகுது. அதுவும் நெசம். பரவி மேயற எடத்துல நல்லாருக்கு. அதுவும் நெசம். ரெண்டையும் சொல்லுவேன்."

கூட்டத்தில் மேடையில் மேலிடத்திலிருந்து வந்த அஞ்சு பேர். ஓரத்தில் எங்கள் அதிகாரி. கீழே முன்வரிசையில் அண்ணனும் மற்ற மாட்டுக்காரர்களும். இவள் எழுந்து நின்று எல்லா எண்களையும் சொன்னாள். தொட்டி, கயிறு, மூன்று தண்ணீர், கல், எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். மரத்தடி முப்பத்தைந்து என்று சொன்னபோது அவர் முகம் மாறியது.

மேடையில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாதிரிகள் கேட்டிலிருந்து இருபது அடியில் எடுக்கப்பட்டனவா?"

"இல்ல சார். அதத்தான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"அப்படியானால் நடைமுறைப்படி எடுத்தவை அல்ல. ஏற்க இயலாது. மேலும், மேய்ச்சலால் ஓரிடத்தில் முப்பத்தைந்தாகக் குறைந்திருப்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்."

தப்பான இடத்தில் எடுத்ததைச் சரி செய்தால் தப்பு. சரியாகச் சொன்ன ஒன்றைப் பிடுங்கி அவள் மேலேயே வீசினார்கள். நான் எழுந்து "அயோக்கியத்தனம்" என்று கத்தினேன். முப்பது வருஷத்தில் நான் அலுவலகக் கூட்டத்தில் பேசிய முதல் வார்த்தை அது. குறிப்பில் ஏற்றவில்லை. தடை நடைமுறைக்கு வரும், இரண்டு வருஷம் மறு ஆய்வு நடக்கும், அதன் முடிவைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும் என்று முடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

வெளியே அண்ணன் அவளுக்கு எதிரில் வந்து நின்றார். "அந்த மரத்தடியையும் சொல்லணுமா? வாய மூடிட்டு இருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் உனக்கு?"

அவள் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். நின்று பதில் சொன்னால் அங்கேயே உடைந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

மேல்புல்வெளியின் வழியில் கம்பி போட்டார்கள். அண்ணன் நாலு மாதம் வைக்கோல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அப்புறம் மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. சினைமாடுதான் கடைசி. அது லாரியில் ஏற மறுத்து முற்றத்தில் நின்றபோது, பின்பக்கத்துக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வேர்க்காரி. அண்ணன் ஒரு மரக்கடையில் காவலுக்குப் போனார். கொட்டகையில் இப்போது இரண்டு ஸ்கூட்டர் நிற்கிறது. ஜன்னல் விளிம்பில் பாக்கெட் பாலை அவளே வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஒரு படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரிடத்தில் சம்மதம் எழுதி வாங்க வேண்டும் என்றார். ஜீப் போய் நின்றது அந்த முற்றத்தில். அண்ணன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மறு ஆய்வு ஆரம்பிக்கிறோம்" என்றார் அதிகாரி, ரொம்பத் தன்மையாக. "இந்தத் தடவ மண்ணு எடுக்கிற எடமெல்லாம் மாத்தியாச்சு. மேய்ச்சல் பகுதியில மேயறதுக்கு ஒரு எட்டு மாடு வேணும். சுத்துவட்டாரத்துல யார்கிட்டயும் இல்லங்கறாங்க. உங்ககிட்ட இருக்குமேன்னு..."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார், அடிக்கக்கூடப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

"என்னக் கேக்காதீங்க" என்றார். "இந்த வீட்ல எண்ணறது என் தங்கச்சி. அவ சரியாத்தான் எண்ணுவா. அவளையே எண்ணச் சொல்லுங்க."

எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது அவர் வாயில் தங்கச்சி என்ற வார்த்தை வந்து. அவள் பின்பக்கத்திலிருந்து ஈரக்கையோடு வந்தாள். விரல் நுனிகள் நீலம். அண்ணனைப் பார்த்தாள். அதிகாரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போனாள். மாடு கட்டும் முளைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன, பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை. முதல் முளை மேல் கையை வைத்தாள்.

"இல்ல."

அடுத்த முளைக்குப் போனாள். "இல்ல."

நுண்ணோக்கியில் எண்ணும் அதே குரல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதிகாரி "போதும்மா, புரிஞ்சுது" என்றார். அவள் நிறுத்தவில்லை. ஸ்கூட்டர்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் பதினோரு முளைகளையும் தொட்டு எண்ணி முடித்தாள்.

"அக்கா, எழுதிக்கோ" என்றாள் என்னிடம். "மேய்ச்சல் பகுதி. நூத்துக்கு சைபர்."

சம்மதப் படிவத்தில் அப்படியே எழுதினேன். அலுவலகத்துக்குப் போனதும் அதை நாலு பிரதி தட்டச்சு செய்தேன்.